அம்மாவின் முதுகு வலிக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்தே தொடை வற்றிப்போய்விட்டதா?

அரவேணுக்காரன் எழுதியது:

வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது, ஆறு வருடமாகக் கீழ் முதுகு வலி. முதுகு வலி என்றதும் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவீர்கள் என்று தெரியும், ஆனால் நான் கேட்க வந்தது வலியைப் பற்றி மட்டும் இல்லை.

அம்மா 34 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். 1974இல் தாத்தாவோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, இரண்டு வருடம் அங்கே இங்கே அலைந்து, அப்புறம் ஒரு எஸ்டேட்டில் பேர் பதிந்து, 58 வயது வரைக்கும் தலையில் கயிறு மாட்டிய கூடையோடு சரிவில் ஏறி இறங்கியவர். அப்போதெல்லாம் முதுகு வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை, அல்லது சொல்லியும் நாங்கள் காதில் வாங்கவில்லை. வேலையை விட்டு எட்டு வருடம் கழித்துத்தான் ஆரம்பித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் எம்ஆர்ஐ எடுத்தோம். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் இரண்டு பிதுங்கியிருக்கிறது, வயதாகிவிட்டது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஓய்வாக இருக்கட்டும் என்றார்கள்.

நாங்களும் சொன்னபடி செய்தோம், கொஞ்சம் அதிகமாகவே செய்தோம். 1,200 ரூபாய்க்கு பெல்ட் வாங்கினேன். அடுப்படிப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, 42 படி இறங்க வேண்டும், அதனால் மேலே போவதையும் நிறுத்தினோம். கோழிக்குத் தீனி போடுவது, துணி காயப்போடுவது எல்லாம் என் மனைவி. குளிர் வேறு, போர்வையைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாடு, டீ, மாத்திரை எல்லாம் கைக்கு வரும்.

போன மாதம் குளிக்க வைக்கும்போதுதான் மனைவி பார்த்திருக்கிறாள், தொடை இரண்டும் பாதியாகிவிட்டது. இரண்டு வருடத்தில் 53 கிலோவிலிருந்து 48. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பில் சேலை நிற்கவில்லை, பிடிக்கச் சதை இல்லை என்று அம்மாவே சிரிக்கிறார். வலி மட்டும் குறையவே இல்லை, முன்பைவிட அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

என் கேள்வி இதுதான். வலியால் சதை கரைந்ததா, சதை கரைந்ததால் வலியா? இந்த நிலையில் உடற்பயிற்சி என்று ஏதாவது செய்யச் சொன்னால் டிஸ்க் இன்னும் பிதுங்கிவிடாதா? பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வலி மாத்திரையும் தினமும் ஒன்று.


வர்க்கி பிரியன் எழுதியது:

தம்பி, தயவுசெய்து இந்த வயதில் உடற்பயிற்சி அது இது என்று ஆரம்பிக்காதீர்கள். 34 வருடம் கூடை சுமந்த முதுகு, தேய்ந்த வண்டியைத் திரும்ப மலை ஏற்றுகிற மாதிரி. என் அப்பாவுக்கு இதே பிரச்சினை, மரப்பலகையில் படுக்க வைத்து, வாரம் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம், நிம்மதியாக இருந்தார். நல்ல வர்ம வைத்தியர் கிடைத்தால் பாருங்கள். மற்றபடி ஓய்வுதான் மருந்து.


பிசியோ அக்கா எழுதியது:

மேட்டுப்பாளையத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், கோத்தகிரி ரோட்டிலிருந்து எனக்கு நிறைய அம்மாக்கள் வருகிறார்கள், பாதிப் பேர் உங்கள் அம்மா மாதிரியே தோட்டத்து ஆட்கள். மேலே அண்ணன் சொன்ன எண்ணெயில் எனக்குச் சண்டை இல்லை. நீவிவிட்டால் இரண்டு நாள் இதமாக இருக்கும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் எண்ணெயால் சதை வளராது. அந்த "ஓய்வுதான் மருந்து" என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

எல்லாரையும் பயமுறுத்துவது ஸ்கேன்தான், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 70 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு டிஸ்க் பிதுக்கம், அத்தனை பேரும் வலி இல்லாமல் நடமாடியவர்கள். அதாவது அந்தப் பிதுக்கம் தலை நரைப்பது மாதிரி ஒரு சங்கதியாகவும் இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டு ஒருவரை மூன்று வருடம் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. உங்களிடம் அந்த ரிப்போர்ட் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்க்கைப் பற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, கீழே கடைசி இரண்டு மூன்று வரியில் முதுகுத் தசையைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சதை கரைவதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. சார்கோபீனியா என்று 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்பவர் வைத்த பெயர், கிரேக்க மொழியில் சதைக்கு வந்த வறுமை என்று பொருள். நம் ஊரில் "உடம்பு வத்திப்போச்சு" என்போமே, அதுதான். வயதானால் சகஜம் என்று விட்டுவிடுவோம், ஆனால் 2016இல் அமெரிக்காவில் இதற்கு நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.

வலியால் சதையா, சதையால் வலியா என்று கேட்டீர்கள். இரண்டும்தான், அதில்தான் சிக்கல். முதுகெலும்பை ஒட்டி, எலும்புகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கிற மல்டிஃபிடஸ் என்று ஒரு தசை இருக்கிறது. வலி வந்ததும் உடம்பு அதைச் சரியாக வேலை செய்ய விடாது. வேலை இல்லாத தசை சுருங்கும், சுருங்கிய இடத்தில் கொழுப்பு ஏறும். அதே நேரம் பின்புறத் தசையும் தொடையும் இளைத்துப்போனால், எழுந்திருப்பது, குனிவது, படி ஏறுவது என்று அவை செய்ய வேண்டிய வேலையெல்லாம் கீழ் முதுகின் தலையில் வந்து விழும். அது வலிக்கும். வலித்தால் உட்காருவார், உட்கார்ந்தால் இன்னும் கரையும். இதற்கு நடுவில் நாம் வேறு பெல்ட்டையும் மாட்டிவிட்டு, எழுந்திருக்காதே என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

ஓய்வு எவ்வளவு வேகமாகச் சதையைத் தின்னும் என்பதற்கு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல ஆரோக்கியமான வயதானவர்கள் 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. பத்து நாளில்!

உடற்பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் நான் சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? ஆசிய நிபுணர் குழு 2019இல் வைத்த கணக்குப்படி 12 நொடி ஆகிவிட்டாலே சந்தேகப்பட வேண்டும். கெண்டைக்காலின் பருமனான இடத்தைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள், பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தாலும் ஆண்களுக்கு 34க்குக் குறைந்தாலும் அதே சந்தேகம். அப்புறம் மலைக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி, வலி ஏற்றத்தில் அதிகமா, இறக்கத்தில் அதிகமா? நரம்பு போகிற பாதை சுருங்கியவர்களுக்கு இறக்கம்தான் எமன். இறங்கும்போது உடம்பு பின்னால் சாயும், அந்தப் பாதை இன்னும் குறுகும், கால் மரத்து நின்றுவிடுவார்கள், குனிந்தோ உட்கார்ந்தோ ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து நடப்பதால் அவ்வளவு தொந்தரவு இருக்காது.

கடைசியாக, இவை இருந்தால் பயிற்சியும் வேண்டாம், என்னைப் போன்றவர்களும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமல் போவது, காலில் திடீரென்று வலு குறைவது, ஜுரம், முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது, விழுந்த பிறகு வந்த வலி, படுத்தாலும் விடாத ராத்திரி வலி. ஐந்து கிலோ குறைந்ததாகச் சொல்கிறீர்கள். அது சாப்பாடு குறைந்ததாலும் சதை கரைந்ததாலும் இருக்கலாம், ஆனால் அப்படித்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மருத்துவரிடம் இந்த எடைக் கணக்கைத் தனியாகச் சொல்லுங்கள்.


ஸ்ரீ குன்னூர் எழுதியது:

மெடிக்கல் வைத்திருக்கிறேன், அதனால் மாத்திரையைப் பற்றி மட்டும். தினமும் ஒரு வலி மாத்திரை என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பகீரென்றது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறா என்றால் வயதானவர்களுக்கு வயிற்றில் புண், ரத்தக் கசிவு, கிட்னி பாதிப்பு எல்லாம் வரலாம், பிரஷரையும் ஏற்றிவிடலாம். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் கிட்னிக்கு இரட்டை அடி. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் டெஸ்ட் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நாளைக்கே பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என்றால் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையலாம், கால் எரிச்சல், மரமரப்பு, தள்ளாட்டம் எல்லாம் அதனாலும் வரலாம், எல்லாவற்றையும் முதுகின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மழை மாதங்களில் இங்கே வெயில் எங்கே இருக்கிறது, இருந்தாலும் போர்வைக்குள்ளே எப்படிப் போகும்.

பெல்ட்டும் நான் விற்கிற பொருள்தான், இருந்தாலும் சொல்கிறேன். நாள்பட்ட முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை வலி மருந்து இவையெல்லாம் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உடற்பயிற்சியைச் சொல்லியிருக்கிறார்கள். என் வியாபாரத்துக்கு நானே வேட்டு வைத்துக்கொள்கிறேன், போகட்டும்.


அரவேணுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிசியோ அக்கா, ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன், பீரோவில் ரேஷன் கார்டு கவருக்குள் இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரி, முதுகெலும்பை ஒட்டிய தசைகள் மெலிந்து கொழுப்பு ஏறியிருக்கிறது என்று. மூன்று வருடம். ஸ்கேன் சென்டரில் சொல்லவில்லை, படித்துப் பார்த்தவரும் சொல்லவில்லை, நானும் டிஸ்க் என்ற வார்த்தைக்கு மேலே படிக்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு அம்மாவால் ஒரு முறைகூட எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றி ஐந்து முறை, 31 நொடி. கெண்டைக்கால் 28 செ.மீ. படியில் மெதுவாக அழைத்துப் போய்ப் பார்த்தோம். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, முதுகு பரவாயில்லை. இறங்கும்போது தொடை நடுங்குகிறது, ஆனால் கால் மரப்பதில்லை, உட்கார்ந்தால் உடனே சரியாவதும் இல்லை. நீங்கள் சொன்ன ஆபத்தான அறிகுறிகள் எதுவும் இல்லை, ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்.

கோத்தகிரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எடை குறைந்ததைச் சொன்னதும் ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதினார், எக்ஸ்ரேயில் எலும்பு எதுவும் நசுங்கவில்லை. வைட்டமின் டி 11, ரொம்பக் குறைவாம், அதற்கு மாத்திரை. பி12 கொஞ்சம் குறைவு. கிரியாட்டினின் நல்லவேளையாகச் சரியாக இருந்தது, வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். பயிற்சி செய்யலாம் என்றார், ஆனால் எது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவிடம் பயிற்சி என்று சொன்னால் "நான் என்ன ஸ்கூல் பிள்ளையா" என்கிறார்.


ஊட்டி கேரட் எழுதியது:

நான் என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள், அதனால் கேட்கிறேன், உங்கள் அம்மா ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று எழுதவே இல்லையே? உங்கள் மனைவியைக் கேட்டு எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. மாமியாருக்குப் பல் இல்லை, காலையில் டீயும் வர்க்கியும், மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி திரும்ப டீயும் ரொட்டியும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும். ஊட்டியில் ஒரு உணவியல் அம்மா உட்கார வைத்துக் கணக்குப் போட்டார், ஒரு நாள் முழுக்கச் சேர்த்தும் புரதம் 25 கிராம் தேறவில்லை. வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரைக்கும் வேண்டுமாம், உங்கள் அம்மாவுக்கு 48 என்றால் 48லிருந்து 58 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. வேகவைத்த அவரைக்கொட்டையோ காய்ந்த பட்டாணியோ மொச்சையோ ஒரு கப் என்றால் முட்டை இரண்டுக்குச் சமம். இந்த மலையில் அவரைக்கும் பட்டாணிக்கும் பஞ்சமா, அதைச் சமைத்து நாம் சாப்பிட்டுவிட்டு, கிழவிக்குச் செரிக்காது என்று ரசத்தை ஊற்றுகிறோம். குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தால் நன்றாகவே செரிக்கிறது. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் பருப்பை ரசத்திலிருந்து வடிக்காமல் கெட்டியாக, ராத்திரி பால், இப்படி மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். கருவாடு உங்கள் அம்மாவுக்குப் பிடிக்குமே, சிலோன் கைப்பக்குவம் ஆயிற்றே, ஆனால் பிரஷர் இருக்கிறது, உப்பு. கிட்னி சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டதால்தான் இவ்வளவும் சொல்கிறேன், மற்றவர்கள் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

டப்பாவில் வருகிற புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்லி உடனே யாராவது வருவார்கள். பல் இல்லாமல், பசியும் இல்லாமல் இருந்தால் உதவும், மற்றபடி அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று பாருங்கள்.


பிசியோ அக்கா எழுதியது:

கேரட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சத்து மட்டும் கொடுத்தால் போதாது. 1994இல் அமெரிக்காவில் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 72 முதல் 98 வயது வரை நூறு பேரை வைத்துப் பார்த்தார்கள். கனமான எடை தூக்கிக் கால் பயிற்சி செய்தவர்களுக்குப் பத்து வாரத்தில் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. 98 வயது, கவனியுங்கள், உங்கள் அம்மா அவர்களுக்கு மகள் வயது.

அம்மாவின் அளவுகளைப் பார்த்தால் நாற்காலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுவரோரம் கெட்டியான மர நாற்காலி, பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும். அதன் மேல் கெட்டித் தலையணை ஒன்றோ இரண்டோ, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிற உயரம் வரைக்கும். பாதம் இரண்டையும் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு மேலே வருகிற மாதிரி சாய்ந்து எழுந்திருக்கட்டும். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி மெல்ல. அந்த மெதுவாக இறங்குவதில்தான் படியிறக்கத்துக்கு வேண்டிய வலு வருகிறது. எட்டு முறை, ஓய்வு, திரும்ப எட்டு. கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும், சுலபமாக இருந்தால் தலையணையைக் குறைக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள், பாவம் என்று உயரத்தைக் குறைப்பதே இல்லை. மூன்று மாதம் கழித்தும் அதே தலையணை இருந்தால் அது பயிற்சி இல்லை.

அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, இது பின்புறத் தசைக்கும் முதுகுக்கும். வீட்டு வாசலில் முதல் படியில் மட்டும் ஏறி இறங்குவது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். நன்றாகப் பழகியதும் இரண்டு கையிலும் ஒவ்வொரு கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. மற்ற நாளில் நடை.

வலிக்கும். பத்துக்கு நாலு, ஐந்து வரைக்கும் வலித்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை, தொடரலாம். மறுநாளும் அப்படியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். காலில் வலி புதிதாக இறங்கினாலோ மரத்தாலோ நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். மூச்சை அடக்காமல் எண்ணிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள், பிரஷர் இருக்கிறது.

முதல் சில நாட்கள் யாராவது நேரில் பார்ப்பது நல்லது. மேட்டுப்பாளையம் வரைக்கும் அந்த வளைவுகளில் அழைத்து வர வேண்டாம். உங்கள் பகுதி துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுப்பது மட்டுமில்லை, பிசியோதெரபியும் உண்டு. பலருக்கு இது தெரியாது.


கட்டபெட்டு தாத்தா எழுதியது:

தம்பி, பேத்திதான் டைப் அடிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்கு 76. கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டவன், மூட்டை தூக்கியவன், உன் அம்மாவைவிட மோசமான முதுகு எனக்கு இருந்தது. இரண்டு குளிர் காலம் அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வருடம் பக்கத்து ஊர் ஹட்டியில் ஒரு சாவு, போக முடியவில்லை. ரோட்டிலிருந்து இறங்கத் தைரியம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு சாவு விடாமல் போனவன்.

நர்சிங் படிக்கிற இவள்தான் லீவில் வந்து நாற்காலி வேலையை ஆரம்பித்தாள். முதல் வாரம் திட்டினேன். பாட்டியை எண்ணச் சொன்னால் அவள் ஆறுக்குப் பிறகு திரும்ப அஞ்சு சொல்லுவாள், வேண்டுமென்றே. தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் செய்வேன், தனியாக நேரம் ஒதுக்கினால் எனக்கு ஓடாது.

உண்மையைச் சொல்கிறேன், வலி போகவில்லை. பேத்தி மூஞ்சியைச் சுளிக்கிறாள், ஆனால் போகவில்லை. முன்னால் வலி என்னை எழுந்திருக்க விடாது, இப்போது எழுந்த பிறகு வலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பஸ் ஸ்டாப் வரை போய் வருகிறேன்.

உன் அம்மா பயிற்சி செய்ய மாட்டாள் என்கிறாய். ஏன் செய்வாள்? அந்தப் பொம்பளை மலையை ஏறி இறங்கினவள். அவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது அவமானமாக இருக்கும். அவள் வேலையை அவளிடமே கொடு. முதலில் கோழியைக் கொடு.


அரவேணுக்காரன் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த மனுசன் சொல்றது சரி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழு வாரம் ஆகிறது, சொல்லிவிட்டுப் போக வந்தேன். கோழியைக் கொடுத்தோம். கூண்டு வாசலில் இருந்து பத்தடி, ஒரு படி. காலையும் மாலையும் அவரே போகிறார். கேரட் அக்கா சொன்னபடி கணக்குப் பார்த்ததில் அம்மா சாப்பிட்டது நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. பால் ஊற்றாத டீ, அந்தச் சாயத்தண்ணியிலேயே பசியை ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது தன் கோழி முட்டை என்பதால் மறுக்காமல் சாப்பிடுகிறார், கடை முட்டை என்றால் வாயைத் திறக்க மாட்டார். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் இரண்டு முறை வந்து நாற்காலிப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். நான் சொன்னால் செய்யாதவர் அந்தப் பெண் சொன்னால் செய்கிறார், யூனிஃபார்ம் போட்டிருப்பதால் இருக்கும்.

இரண்டு தலையணையில் ஆரம்பித்தது, இப்போது ஒன்று. அந்த உயரத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை 19 நொடி. கெண்டைக்கால் அதே 28தான். எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. வலியைக் கேட்டால் ஒரு நாள் குறைவு என்கிறார், ஒரு நாள் அதே என்கிறார். வலி மாத்திரை இல்லாமல் இருப்பதால் குறைந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெல்ட்டைத் தூக்கிப்போட மாட்டேன் என்று கல்யாண வீட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்கிறார், அங்கே யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

போன ஞாயிற்றுக்கிழமை காணவில்லை. பதறிப்போய்த் தேடினால் பக்கத்து வீட்டுக்காரரின் பத்துச் செடி தேயிலையில் நின்றுகொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார், முந்தானையை மடித்துக் கட்டிக்கொண்டு. திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அன்று ராத்திரி முதுகு வலி என்றார். மறுநாள் காலையில் சரியாகிவிட்டது.

பிசியோ அக்காவிடம் ஒரு கேள்வி. மழை ஆரம்பித்துவிட்டது, படியெல்லாம் பாசி. கோழிக் கூண்டு வரைக்கும் விடலாமா, அல்லது ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே வைக்கவா?


பிசியோ அக்கா எழுதியது:

வீட்டுக்குள்ளே வைக்காதீர்கள், பாசியைச் சுரண்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அந்த ஒரு படிக்குக் கைப்பிடிக் குழாய் ஒன்று அடித்துவிடுங்கள். ரப்பர் செருப்பு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கெண்டைக்கால் அளவை இனிமேல் வாராவாரம் எடுக்க வேண்டாம், வலுதான் முதலில் வரும், பருமன் பின்னால் வரும், வராமலும் போகலாம். கொட்டுகிற நாளில் கோழிக்கு உங்கள் மனைவி போகட்டும், அம்மா அந்த நேரத்தில் நாற்காலியில் இரண்டு சுற்று கூடுதலாக. தலையணையை அடுத்த வாரம் எடுத்துவிட்டு, மெல்லிய போர்வை ஒன்றை மடித்துப் போட்டுப் பாருங்கள்.


கட்டபெட்டு தாத்தா எழுதியது:

பக்கத்து வீட்டுக்காரன் அந்தக் கொழுந்துக்குக் கூலி கொடுத்தானா என்று அம்மாவைக் கேட்டுச் சொல்.